பேரு நாட்டு மலையூர்களும் ஒளிரும் பாதை இயக்கமும்

ஒரு நாட்டிலே அரசியற் குழப்பம் தோன்றும்போது வரலாறு எழுதுவோரின் கவனம் பெரும்பாலும் தலைநகரத்தின் மீதே செல்லும். ஆட்சி கவிழ்ந்தது எப்பொழுது, தலைவன் சிறைப்பட்டது எங்கே, எந்தச் சட்டம் எவ்வாண்டில் நிறைவேறியது என்பனவே முதலில் ஏடேறும். குழப்பத்தின் சுமையைத் தாங்கிய சிற்றூரார் யாது செய்தனர், எவ்வாறு பிழைத்தனர், எதனை இழந்தனர் என்பன பின்னரே ஆராயப்படும். ஆராயப்படாமலே மறைந்துவிடுதலும் உண்டு. தென்னமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள பேரு நாட்டிலே 1980ஆம் ஆண்டு தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த உண்ணாட்டுப் போர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அப்போரைத் தொடங்கியவர் ஒரு மெய்யியற் பேராசிரியர். அதனைப் பரப்பியவருட் பலர் ஆசிரியரும் மாணவருமாவர். அதில் மாண்டவருட் பெரும்பாலார் கெச்சுவா மொழி பேசும் உழவர். கற்றோர் தொடுத்த போரிலே கல்லாதார் மடிந்தமை எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், அழிவின் நடுவே அவ்வுழவர் தம் ஊர்களை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

மலைநாடும் கல்வி வேட்கையும்

பேரு நாடு இயற்கையால் மூன்று கூறுபட்டது. பசிபிக்குச் சமுத்திரத்தை ஒட்டிய வறண்ட கரையோரம், நடுவே அந்தீசு மலைத்தொடர், அதற்குக் கிழக்கே அமேசன் காடு என்பன அவை. தலைநகராகிய இலீமா 1535இல் இசுப்பானியரால் கரையோரத்திலே அமைக்கப்பெற்றது. அன்றுதொட்டு ஆட்சியும் செல்வமும் கரையோரத்திலே குவிய, மலைநாடு பின்தங்கி நின்றது. மலைநாட்டு மக்கள் பெரும்பாலும் இன்கா அரசின் ஆட்சிமொழியாயிருந்த கெச்சுவாவைத் தாய்மொழியாகக் கொண்டவர்; நீதிமன்றத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் வழங்கிய மொழியோ இசுப்பானியம்.

மலைநாட்டின் தென்னடுப் பகுதியிலுள்ளது அயாகுச்சோ. கெச்சுவா மொழியிலே இப்பெயருக்கு 'இறந்தோர் மூலை' என்று பொருள் கூறுவர். தென்னமெரிக்காவில் இசுப்பானிய ஆட்சிக்கு முடிவு கட்டிய பெரும்போர் 1824ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி இந்நகருக்கு அணித்தான சமவெளியிலேயே நிகழ்ந்தது. எனினும் விடுதலையின் பயன் அப்பகுதி உழவரை எளிதில் வந்தடையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எழுத்தறிவில்லாதோர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. கெச்சுவா உழவர்க்கு எழுதக் கற்பிக்கும் பள்ளிகள் போதிய அளவில் இருந்ததுமில்லை. எனவே சட்டம் எழுத்தைப் பற்றிப் பேசிற்றாயினும், விலக்கியது ஒரு மக்களினத்தையே எனலாம்.

1968இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி உவான் வெலாசுக்கோ அல்வராதோ, 1969ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பிறப்பித்தார். பெருநிலக்கிழாரின் பண்ணைகள் பறிக்கப்பட்டன. 1975இல் கெச்சுவா ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும் அயாகுச்சோவிலே பண்ணைகள் முன்னரே நலிந்திருந்தன. பங்கிடுதற்கு வளமான நிலம் அதிகமில்லை. நிலக்கிழார் மறைந்தனர், வறுமை மறையவில்லை. நிலக்கிழாரின் அதிகாரம் நீங்கிய வெற்றிடத்தை அரசாங்கமும் நிரப்பவில்லை.

நிலத்தால் வாழ்வு உயராதெனக் கண்ட பெற்றோர் கல்வியை நாடினர். எழுத்தறியாதவரைக் கண்ணில்லாதவர் என்று கூறும் வழக்கு கெச்சுவா மக்களிடையேயும் உண்டு. அக்கண்ணைத் தம் மக்கள் பெறவேண்டுமென்று அவர்கள் மிக விரும்பினர். 1677இல் நிறுவப்பெற்றுப் பின்னர் நெடுங்காலம் மூடிக்கிடந்த உவாமாங்காப் பல்கலைக்கழகம் 1959இல் அயாகுச்சோ நகரிலே மீண்டும் திறக்கப்பட்டபோது, மலையூர்ப் பிள்ளைகள் அங்கே திரண்டனர். 1969இல், தேர்விலே தவறிய இடைநிலைப் பள்ளி மாணவர் கட்டணம் செலுத்தல் வேண்டுமென அரசாங்கம் ஆணையிட்டது. அயாகுச்சோவிலும் அயலூராகிய உவாந்தாவிலும் மாணவரும் உழவரும் கிளர்ந்தெழுந்தனர். பொலிசார் சுட்டதிற் பலர் உயிரிழந்தனர். நிலத்துக்காக நாடெங்கும் மக்கள் போராடிய காலத்திலே இவ்விரு நகரங்களில் மக்கள் உயிர்கொடுத்தது இலவசக் கல்விக்காகவே என்பது கருதத்தக்கது.

பேராசிரியரும் அவர் இயக்கமும்

1962இல் உவாமாங்காப் பல்கலைக்கழகத்துக்கு மெய்யியல் கற்பிக்க வந்தவர் அபிமாயேல் குசுமான். இவர் 1934இல் பிறந்தவர். யேர்மானிய மெய்யியலாளராகிய காண்டு பற்றி ஆய்வு செய்தவர். சீனாவுக்குச் சென்று மாஓவின் கொள்கையைப் பயின்றவர். பொதுவுடைமைக் கட்சி பல பிரிவுகளாய்ச் சிதறிய காலத்தில், 1970ஆம் ஆண்டளவில், இவர் தம்மைச் சார்ந்தோரைத் தனிக்கட்சியாக அமைத்துக்கொண்டார். பேரு நாட்டுச் சிந்தனையாளர் ஒசே கார்லோசு மரியாத்தெகியின் வழியை ஒளிரும் பாதை எனப் போற்றிய ஒரு சுலோகத்திலிருந்து அக்கட்சிக்கு 'ஒளிரும் பாதை' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இக்கட்சி முதலிலே தொழிற்சாலையிலோ வயலிலோ வேரூன்றவில்லை; விரிவுரை மண்டபத்திலேயே வேரூன்றியது. ஆசிரியப் பயிற்சி பெற்ற இளைஞர் ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று, இயக்கத்தின் கொள்கையையும் உடன்கொண்டு சென்றனர். உழவரின் முதல் தலைமுறைப் பிள்ளைகளாய்ப் பல்கலைக்கழகம் புகுந்தோர், கற்ற பின்னர் ஊருக்குத் திரும்பினால் வேலையில்லை. தலைநகர் சென்றால் மதிப்பில்லை. இரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்ற அவர்களுக்கு, உலகத்தின் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை கூறும் கொள்கை பெரும் ஆறுதலாயிற்று. உவாமாங்காவிலே கற்பித்தவரும் இவ்வியக்கத்தை ஆராய்ந்தவருமாகிய மானிடவியலாளர் கார்லோசு இவான் தெகிரெகோரி, கல்வியின்மீது கொண்ட நம்பிக்கையே இளைஞரை இவ்வழியில் ஈர்த்த காரணங்களுள் ஒன்று என எடுத்துக்காட்டினார். ஆசிரியன் கூறுவது உண்மை. கேள்வி கேட்டல் குற்றம் என்று பழகிய வகுப்பறையிலிருந்து, தலைவன் கூறுவது உண்மை. ஐயுறுதல் துரோகம் என்னும் கட்சிக்குச் செல்லும் தூரம் அதிகமன்று.

பன்னிரண்டு ஆண்டு இராணுவ ஆட்சிக்குப் பின்னர் 1980ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி தேர்தல் நிகழ இருந்தது. 1979ஆம் ஆண்டின் அரசியலமைப்பு எழுத்தறிவில்லாதோர்க்கும் வாக்குரிமை வழங்கியிருந்தது. தேர்தலுக்கு முந்திய இரவு, அயாகுச்சோவைச் சேர்ந்த சுசுச்சி என்னும் ஊரிலே ஒளிரும் பாதையினர் வாக்குப் பெட்டிகளையும் வாக்குச்சீட்டுக்களையும் தீயிட்டனர். இயக்கத்தின் போர் இவ்வாறே தொடங்கிற்று. கெச்சுவா உழவர் பல தலைமுறையின் பின்னர் வாக்களிக்கச் சென்ற முதற்றேர்தலிலே, அவர்களுக்காகப் போராடுவதாய்க் கூறியோர் முதலிலே கொளுத்தியது அவர்களது வாக்குப் பெட்டியையே. தலைநகரத்துப் பத்திரிகைகள் இந்நிகழ்ச்சியைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

சந்தையும் விதைப்பும்

தொடக்கத்திலே இயக்கத்துக்கு ஆதரவு இருந்தமை மறுக்கத்தக்கதன்று. மாடு திருடியவனும் ஏழையை ஏமாற்றிய வணிகனும் இலஞ்சம் வாங்கிய அதிகாரியும் தண்டிக்கப்பட்டபோது ஊரார் மகிழ்ந்தனர். பொலிசு நிலையத்திலே கிடைக்காத நீதி இவர்களிடம் கிடைத்தது. 1982 செப்டெம்பரிலே பொலிசாரோடு நிகழ்ந்த மோதலில் இறந்த பத்தொன்பது வயது இளம்பெண் எடித்து இலாகோசின் இறுதி ஊர்வலத்திலே அயாகுச்சோ நகர மக்கள் ஆயிரக்கணக்காய்ச் சென்றமை அக்கால மனநிலையைக் காட்டும்.

இவ்வாதரவு ஏன் நிலைக்கவில்லை? இயக்கத்தினர் உழவரைப் பற்றி நூலிலே படித்தவர். உழவர் வாழ்க்கை எவ்வாறு நடக்கிறது என்பதை மதித்தவரல்லர். நகரங்களைப் பட்டினியால் வீழ்த்தவேண்டும் என்னும் போர்த்திட்டத்திற்கிணங்க, வாரச் சந்தைகளை மூடுமாறும், தமக்கு வேண்டிய அளவுக்கு மாத்திரம் பயிரிடுமாறும் அவர்கள் கட்டளையிட்டனர். மலையுச்சியிலே உருளைக்கிழங்கு விளைவிப்பவன் உப்பும் துணியும் நெருப்புப்பெட்டியும் பெறுவது சந்தையிலேதான். பள்ளத்தாக்கின் சோளமும் மேட்டுநிலத்தின் கிழங்கும் கைம்மாறுவதும் அங்கேயே. சந்தையை மூடுதல் முதலாளித்துவத்தை ஒழித்தலாய்ப் பேராசிரியருக்குத் தோன்றிற்று. உழவருக்கோ அஃது அடுப்பை அணைத்தலாயிற்று.

இரண்டாவதாக, ஊரின் பழைய தலைவர்கள் கொல்லப்பட்டனர். மலையூர்களில் 'வராயோக்கு' எனப்படும் கோலேந்திய மூப்பர் உண்டு. சிறு பணிகளிலே தொடங்கி, பல ஆண்டுகள் ஊர்த்தொண்டு செய்து, திருவிழாச் செலவையும் ஏற்றுப் படிப்படியாய் உயர்ந்தவரே அக்கோலைப் பெறுவர். அவரைப் பழமையின் சின்னமென்று நீக்கி, இருபது வயதினரை ஊர்த்தலைவராய் இயக்கம் நியமித்தது. முதியோர் இளையோர்க்குப் பணியும் இம்முறையை ஊரார் முறைபிறழ்வாகவே கருதினர். மூன்றாவதாக, சிறு குற்றத்துக்கும் மரணமே தண்டனையாயிற்று. தவறு செய்தவனைச் சவுக்கால் அடித்துத் திருத்துக, கொல்லற்க என்பதே ஊரார் கேட்டது. கொல்லப்பட்டவனுக்கு மனைவியும் மக்களும் ஊரிலே உளர் என்பதனை அவர்கள் அறிவர். கொள்கைக்கு உறவினர் இல்லை, ஊருக்கு உண்டு.

1983 சனவரியிலே உவாந்தா மேட்டுநிலத்து உவாய்ச்சாவோ என்னும் ஊரார் இயக்கத்தினர் எழுவரைக் கொன்றனர். சில நாட்களின் பின்னர், சனவரி 26ஆந் திகதி, இச்செய்தியை ஆராயச் சென்ற பத்திரிகையாளர் எண்மர் உச்சுராக்காய் என்னும் அயலூரிலே இயக்கத்தினர் எனத் தவறாக எண்ணப்பட்டு ஊராராற் கொல்லப்பட்டனர். இக்கொடுமை நாட்டையே நடுங்கவைத்தது. எழுத்தாளர் மாரியோ வர்கசு யோசா தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. தலைநகரிலே நெடிய விவாதங்கள் எழுந்தன. ஆனால் அதன்பின் அவ்வூருக்கு நேர்ந்ததை அறிய முயன்றோர் மிகச் சிலரே. இயக்கத்தின் பழிவாங்கலாலும் பிற தாக்குதல்களாலும் நூற்றுக்கு மேற்பட்ட உச்சுராக்காய் மக்கள் மாண்டனர். எஞ்சியோர் சிதறியோட, 1984இல் ஊர் பாழாயிற்று. பத்திரிகையாளர் எண்மரின் பெயரை நாடறிந்தது. ஊரில் இறந்தோரின் பெயரை அறிதற்கு இருபது ஆண்டுகள் சென்றன.

1983 ஏப்பிரில் 3ஆந் திகதி, தம் தலைவன் ஒருவனைக் கொன்றமைக்காக, இலுக்கானாமார்க்கா என்னும் ஊரிலும் அயலிலும் 69 பேரை ஒளிரும் பாதையினர் கோடரியாலும் கத்தியாலும் துப்பாக்கியாலும் கொன்றனர். இறந்தோருட் சிறு குழந்தைகளும் இருந்தனர். அக்கொலைக்குத் தலைமைப்பீடமே பொறுப்பு என்பதைக் குசுமான் பின்னர் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்.

வேலி பயிரை மேய்ந்தமை

1982 டிசம்பர் இறுதியிலே அயாகுச்சோவின் பொறுப்பு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கரையோரத்திலிருந்து வந்த போர்வீரருட் பலர் கெச்சுவா அறியாதவர். மலைநாட்டான் ஒவ்வொருவனும் அவர்கள் கண்ணுக்குப் பகைவனாய்த் தோன்றினான். ஊரார் இரவிலே இயக்கத்துக்கு உணவளித்தால் பகலிலே இராணுவம் தண்டித்தது. பகலிலே இராணுவத்தோடு பேசினால் இரவிலே இயக்கம் தண்டித்தது. இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையே அவர்களுக்குண்டாயிற்று. 1985 ஆகத்து 14ஆந் திகதி அக்கோமார்க்கா என்னும் ஊரிலே அறுபதுக்கு மேற்பட்ட ஆடவர், பெண்டிர், பிள்ளைகள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அயாகுச்சோ நகரிலிருந்த உலோசு கபித்தோசு என்னும் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டோருட் பலர் திரும்பவேயில்லை.

இப்போரின் மிகக் கொடிய ஆண்டுகளுள் 1983, 1984 என்பன அடங்கும். அரசாங்கத்தின் கொடுமை இயக்கத்தை அழிக்கவில்லை. மாறாக, ஊரார் இயக்கத்தை வெறுத்திருந்த காலத்திலேயே அவர்கள் அரசாங்கத்தை நாடமுடியாதபடி செய்து, போரைப் பல ஆண்டுகள் நீட்டித்தது. குடிகளைப் பகைவரினின்று பிரித்தறியமாட்டாத படை, பகைவருக்கே துணையாகும் என்பது இதனாற் புலனாகும். ஏறக்குறைய ஆறு இலட்சம் மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர் என்று கணிப்பர். அவர்களுட் பலர் இலீமாவைச் சூழ்ந்த மணல்மேடுகளிலே பாயையும் தகரத்தையும் கொண்டு குடிசை அமைத்தனர்.

ஊர்க்காவற் குழுக்கள்

பேரு நாட்டு உழவர்க்கு ஊர்க்காவல் புதிதன்று. வடபகுதியாகிய கசாமார்க்காவிலே, சோத்தா மாகாணத்துக் குயுமால்க்கா என்னும் ஊரார், மாட்டுத்திருடரை ஒடுக்குதற்காக 1976 டிசம்பரிலே 'இரோந்தா' எனப்படும் இராக்காவலை அமைத்தனர். அவ்வழக்கம் வடபகுதியெங்கும் பரவி, வழக்குத் தீர்க்கும் ஊர்மன்றமாகவும் வளர்ந்தது. தென்பகுதியிலே எழுந்த காவற்குழுக்கள் போரின் நெருக்கடியிலே பிறந்தவை. அவற்றுட் சில இராணுவத்தின் வற்புறுத்தலால் அமைந்தவை. அப்பூரிமாக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ளவை போன்ற வேறு சில உழவரின் முயற்சியால் எழுந்தவை.

தொடக்கத்திலே அவர்களிடமிருந்த படைக்கலம் ஈட்டியும் கவணும் ஊர்க்கொல்லன் குழாயினாற் செய்த துப்பாக்கியுமே. ஆனால் அவர்களது வலிமை படைக்கலத்தில் இருந்ததில்லை. மலையூர் வாழ்க்கை நெடுங்காலமாகக் கூட்டுழைப்பின்மீது நிற்பது. ஒருவன் வயலில் இன்று உழைத்தவனுக்கு நாளை அவன் வந்து உழைக்கும் கைம்மாற்று முறைக்கு 'ஐனி' என்று பெயர். வாய்க்கால் வெட்டவும் பாதை திருத்தவும் வீட்டுக்கொருவர் வரும் பொதுப்பணியும் உண்டு. இம்முறையே காவலுக்கும் பயன்பட்டது. வீட்டுக்கொருவர் முறைவைத்து இரவு விழித்தனர். சிதறிக்கிடந்த வீடுகள் ஓரிடத்தே கூட்டப்பட்டு மதில் எழுப்பப்பட்டது. மலைமுகட்டிலே காவற்கூண்டு அமைந்தது. வாய்க்கால் வெட்டிய கைகளே மதிலையும் கட்டின.

1990இற்குப் பின்னர் சனாதிபதி அல்பேர்த்தோ புஜிமோரியின் அரசாங்கம் இக்குழுக்களுக்குத் துப்பாக்கி வழங்கியது. 1991இல் ஒரு சட்டவாணை அவற்றை ஏற்றது. முன்னர் உழவரை ஐயுற்ற இராணுவம் இப்பொழுது அவரை நாடிற்று. மலைநாட்டின் பெரும்பகுதியிலே ஒளிரும் பாதை தன் நிலைகளை இழந்தது. 1992 செப்டெம்பர் 12ஆந் திகதி இலீமா நகரிலே, நடனப் பள்ளி ஒன்றின் மேன்மாடியில், பொலிசாரின் சிறு புலனாய்வுக் குழு ஒன்று துப்பாக்கி வெடிக்காமலே குசுமானைக் கைதுசெய்தது. அவ்வீட்டிலிருந்து எறியப்பட்ட குப்பையையும் பொறுமையோடு ஆராய்ந்து பெற்ற வெற்றி அது. தலைவனைப் பிடித்தது நகரத்துப் பொலிசார். அவன் படைக்கு மலையிலே இடமில்லாது செய்தது உழவர். இவ்விரண்டும் நிகழ்ந்தமையாலேயே இயக்கம் தளர்ந்தது.

எனினும் ஊர்க்காவற் குழுக்களின் வரலாறு குற்றமற்றதன்று. அயலூரோடு எல்லைத் தகராறு கொண்ட குழுக்கள் பகைமையைத் தீர்க்கத் துப்பாக்கியைப் பயன்படுத்தியதும், ஐயுறப்பட்டோரை விசாரணையின்றிக் கொன்றதும் உண்டு. தற்காப்புக்கு எடுத்த படைக்கலம் எங்கே நிற்கவேண்டும் என்பதனை அறிதல் அரிது. இக்குறையை மறைத்து உழவரை வீரராக மட்டும் காட்டுதல் வரலாறாகாது.

மகளிர் செய்த பணி

இப்போரிலே மகளிர் ஆற்றிய தொண்டு தனித்துக் கூறத்தக்கது. அயாகுச்சோ நகரைச் சேர்ந்த அங்கெலிக்கா மெந்தோசா என்னும் தாயின் மகன் ஆர்க்கிமேதெசு 1983 யூலையிலே இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டான். மகனைத் தேடி முகாம் வாயிலிலும் பிணங்கள் எறியப்பட்ட பள்ளங்களிலும் அலைந்த அம்மையார், தம்மைப்போல் அலைந்த தாய்மாரைக் கூட்டி அதே ஆண்டு செப்டெம்பரில் ஒரு சங்கம் அமைத்தார். இசுப்பானியம் நன்கு அறியாத அப்பெண்கள் அலுவலகந்தோறும் விண்ணப்பஞ் செய்தனர். தந்தையரை இழந்த பிள்ளைகளுக்குப் பொதுச் சமையலறையிலே உணவளித்தனர். 2005இல் தம் பொருள்களைக் கொண்டே ஒரு நினைவு அரும்பொருட்சாலையும் நிறுவினர். முகாமிலே நிகழ்ந்த குற்றங்களுக்காக அதிகாரிகளுக்கு 2017 ஆகத்திலே தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்ட அம்மையார் அதே மாதத்திற் காலமானார். மகனின் உடல் கிடைக்கவேயில்லை.

இலீமாவின் தென்புறத்து மணற்றரையிலே 1971இல் வறியோர் அமைத்த குடியிருப்பு வீயா எல் சல்வதோர். தெருவமைப்பையும் பள்ளியையும் பொதுச் சமையலறையையும் தாமே கூடி அமைத்த அம்மக்களின் முயற்சிக்கு 1987இல் இசுப்பெயினின் அத்தூரியாசு இளவரசர் பரிசு கிடைத்தது. அங்கே மகளிர் சங்கத்துக்குத் தலைவராயும் பின்னர் உதவி நகரபிதாவாயும் விளங்கியவர் மரியா எலேனா மொயானோ. குழந்தைகளுக்கு நாடோறும் பால் வழங்கும் திட்டத்தை நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். வறியோர் தம் கையாலே பசியைத் தணித்துக்கொள்வதை ஒளிரும் பாதை விரும்பவில்லை. பசி தணிந்தாற் புரட்சி தளரும் என்பது அதன் எண்ணம். 1992 பெப்ரவரி 14ஆந் திகதி அவ்வியக்கம் இலீமாவிலே கடையடைப்புக்கு ஆணையிட்டபோது, மொயானோ வெள்ளைக்கொடி ஏந்திய சிறு ஊர்வலம் ஒன்றை நடத்தினார். மறுநாள் பொதுநிகழ்ச்சி ஒன்றிலே தம் பிள்ளைகள் காணச் சுட்டுக்கொல்லப்பட்டார்; உடலும் வெடிமருந்தாற் சிதைக்கப்பட்டது. அவருக்கு வயது முப்பத்துமூன்று. அவரைக் கொன்றோர் எதிர்பார்த்தபடி சமையலறைகள் மூடப்படவில்லை.

உண்மையறிதலும் கூடிவாழ்தலும்

1992 ஏப்பிரிலிலே புஜிமோரி பாராளுமன்றத்தைக் கலைத்துத் தனியாட்சி நடத்தினார். தீவிரவாதத்தை ஒழித்தவர் என்னும் புகழை அவர் தம் அதிகாரத்துக்கு அரணாக்கினார். அவ்வாண்டு யூலையிலே ஆசிரியர்களைப் பயிற்றும் இலா கந்தூத்தாப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் ஒன்பதின்மரும் பேராசிரியர் ஒருவரும் இராணுவத்தின் மறைவுக் குழுவொன்றினாற் கடத்திக் கொல்லப்பட்டனர். 2000ஆம் ஆண்டில் ஊழல் வெளிப்பட்டு அவர் பதவியிழந்தார். 2009இல் இக்கொலை முதலியவற்றுக்காக அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

2001இலே இடைக்காலச் சனாதிபதி வாலெந்தீன் பனியாகுவா உண்மையறியும் ஆணைக்குழுவை நியமித்தார். மெய்யியலாளர் சாலமோன் லேர்னர் அதற்குத் தலைவர். ஏறக்குறைய 17,000 வாக்குமூலங்களைப் பெற்று, 2003 ஆகத்து 28ஆந் திகதி அக்குழு அறிக்கையை வெளியிட்டது. இறந்தோரும் காணாமற்போனோரும் 69,280 என மதிப்பிடப்பட்டது. அதுவரை நாடு எண்ணியிருந்த தொகையின் ஏறக்குறைய இருமடங்கு இது. முறையிடப்பட்ட மரணங்களில் 54 வீதத்துக்கு ஒளிரும் பாதையே பொறுப்பு என அறிக்கை கூறிற்று. மிகுதியிற் பெரும்பகுதி அரசாங்கப் படைகளையும் அவற்றோடு சேர்ந்தோரையும் சார்ந்தது. இறந்தோருள் நூற்றுக்கு 75 பேர் கெச்சுவா அல்லது வேறு நாட்டுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1993ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலோ அத்தகையோர் நாட்டு மக்களுள் நூற்றுக்கு 16 பேரே.

முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் இறந்தும் அவர் இறந்தமையை நாடு அறியாதிருத்தல் கூடுமோ? கூடியது. அவர்கள் பதிவேட்டில் இல்லாதவர், பத்திரிகை வாசிக்காதவர், தலைநகரின் மொழியிலே அழாதவர். இந்த எண்ணிக்கைப் பிழை கணக்கின் பிழையன்று. ஒரு சமுதாயம் தன்னுள் ஒரு பகுதியினரைக் குடிகளாகக் கருதாமையின் விளைவு.

சட்டத்தின் நீதி தாமதமாகவே வந்தது. அக்கோமார்க்கா வழக்கின் தீர்ப்புக் கிடைத்தது 2016இல். கொலை நிகழ்ந்து 31 ஆண்டுகள் கழிந்தபின். அவ்வாண்டிலேயே காணாமற்போனோரைத் தேடுதற்கான சட்டமும் இயற்றப்பட்டது. அரசாங்கப் பதிவேட்டின்படி அத்தகையோர் 20,000க்கு மேற்பட்டோர். குசுமான் 2021 செப்டெம்பர் 11ஆந் திகதி சிறையிலேயே இறந்தார்.

ஊரார் சட்டத்துக்காகக் காத்திருக்க இயலவில்லை. இயக்கத்திலே சேர்ந்திருந்தவனும் அவனால் துன்புற்றவனும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சவேண்டும். எனவே அயாகுச்சோவின் பல ஊர்களில், திரும்பி வந்தோர் ஊர்க்கூட்டத்தின் முன்னே தம் குற்றத்தைக் கூறி மன்னிப்பு வேண்டினர். ஊரார் தண்டித்தபின் நிலமும் காவல்முறையும் தந்து ஏற்றுக்கொண்டனர். இம்முறையால் எல்லாப் புண்ணும் ஆறவில்லை. கணவனைக் கொன்றவனை நாள்தோறும் காணும் கைம்பெண்ணின் உள்ளத்தை எக்கூட்டமும் தீர்த்துவைத்தல் அரிது. எனினும் கொலைத்தண்டனையை இயக்கம் கொண்டுவந்தபோது ஊரார் கேட்ட அதே கோரிக்கை, 'தண்டிக்க, கொல்லற்க' என்பது, போரின் பின் அவர்கள் தாமே நடத்திய முறையிலும் நிலைபெற்றமை கவனிக்கத்தக்கது. பாழாய்க்கிடந்த உச்சுராக்காய்க்கு 1993இலே குடும்பங்கள் திரும்பி, பழைய ஊருக்கருகே புதிய வீடுகளைக் கட்டின.

முடிவுரை

ஒளிரும் பாதையின் எழுச்சிக்கு வறுமை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. வறிய பகுதிகள் வேறு சில அமைதியாய் இருந்தன. கல்வி பெற்றும் இடம்பெறாத இளைஞர், அவர்களது ஐயங்களை ஓரே விடையால் அடக்கிய ஆசிரியர், குடிகளின் மொழியை அறியாத அரசாங்கம் என்னும் மூன்றும் ஓரிடத்தே கூடியமையே தீப்பற்றியதன் காரணம். தீயை அணைத்த வலிமையோ வெளியிலிருந்து வந்ததன்று. முறைவைத்து உழைத்தலும், மூப்பரைத் தேர்தலும், சந்தையிலே கூடுதலும், பொதுவிலே சமைத்தலுமாகிய பழகிய செயல்களே இடருற்ற காலத்திலே அரணாயின. அவ்வழக்கங்களைப் பழமையென்று இகழ்ந்தவர் தோற்றனர். அவற்றை அறியாதிருந்த அரசாங்கமும் காலந்தாழ்த்தியே வென்றது.

உவாமாங்காப் பல்கலைக்கழகம் இன்றும் நடைபெறுகின்றது. மலையூர்ப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கே அனுப்புதலை விடவில்லை. கல்வியின் பெயரால் இவ்வளவு தீங்குற்றும் கல்வியின்மீது அவர் கொண்ட நம்பிக்கை குன்றாமை வியத்தற்குரியது. அந்நம்பிக்கைக்கு விடையளிக்கும் கடமை வகுப்பறையில் நிற்பவரைச் சார்ந்தது. கற்பிக்கப்படும் உண்மையோடு, அதனை ஐயுற்று வினவும் உரிமையும் மாணவனுக்கு அங்கே கிடைத்தல் வேண்டும். அவ்வுரிமை மறுக்கப்பட்ட வகுப்பறைக்கு மலைநாட்டு மக்கள் செலுத்திய விலையை உண்மையறியும் ஆணைக்குழுவின் அறிக்கை எண்ணிக் காட்டியுள்ளது.